பள்ளத்தூர் மிளகு

"இது வயநாட்டு மிளகு" என்றார்.

"இல்லை" என்றேன்.

இன்னொரு மிளகை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை அரும்பியது.

"திருவிதாங்கூர் மலை?"

"இல்லை."

"அப்படியானால் கப்பலில் வந்தது. பினாங்குதானே?"

"பஸ்ஸில் வந்தது" என்றேன். "பள்ளத்தூரிலிருந்து."

போன வியாழக்கிழமை என் வீட்டுக் கூடத்தில் நடந்த பரீட்சை இது. தோற்றுப்போனவர் சாதாரண ஆள் இல்லை. கள்ளிக்கோட்டையில் பாட்டனார் காலத்திலிருந்து மிளகு வியாபாரம் செய்கிற குடும்பம். காரைக்குடிக்கு வந்தால் என் வீட்டில் ஒரு வேளை சாப்பிடாமல் ரயில் ஏற மாட்டார். மூட்டையை அவிழ்க்காமலே வாசனையை வைத்து ஊரைச் சொல்லிவிடுவேன் என்று பெருமை பேசுகிற மனிதர்.

அவர் சிரித்தார். "பள்ளத்தூரா? அங்கே வீடுதானே விளையும்!"

நியாயமான சந்தேகம்தான். கோட்டையூரைத் தாண்டிப் பள்ளத்தூர் வரைக்கும் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். செம்மண், செம்பாறை, கருவேலமுள்... நடுவில் அரண்மனை அரண்மனையாகச் செட்டியார் வீடுகள். மழை எப்போது வரும் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே மிளகா?

ஆமாம், மிளகேதான்! அதைச் சொல்லும்போது என் தலை உத்தரத்தில் இடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆனால் அந்தப் பெருமையில் எனக்குப் பங்கு உண்டா, இல்லையா? அது வேறு விஷயம். முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு உங்கள் கையில்.

பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு உமையாள் ஆச்சியை நினைவிருக்கும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போட்டார். அதற்கு இங்கேயே பதிலும் எழுதினேன். பெயரை மட்டும் சொல்லாமல் 'பள்ளத்தூர் வாசகி' என்று குறிப்பிட்டிருந்தேன். இப்போது அவரே பெயரைப் போடச் சொல்லிவிட்டார்.

ஆச்சிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். புருஷர் பர்மாவில், மோல்மேனில் கொண்டுவிக்கிறார், அதாவது கடல் கடந்து தொழில் செய்கிறார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார். வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மூத்தவர் சம்சாரம் விசாலாட்சி ஆச்சி. செட்டிநாட்டு வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை — கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு. ஒரே கூரைக்குக் கீழே உலை மட்டும் இரண்டு. உப்பு, புளி, வற்றல், வடகம் எல்லாம் அவரவர் பாடு. ஆனால் நடுவில் இருக்கிற முற்றம் பொது. அங்கே ஒரு செம்பை வைப்பதானாலும் இரண்டு பேருக்கும் சம்மதம் வேண்டும்.

அந்த வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் சுற்றிக் காட்டுவார்கள். இந்தத் தேக்கு பர்மா, இந்தக் கண்ணாடி பெல்ஜியம், இந்தப் பளிங்கு இத்தாலி, இந்தச் சுவர்ப் பூக்கல் ஜப்பான்... பூகோள பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும். ஹைஸ்கூல் வாத்தியாரான எனக்கே சில ஊர்கள் அங்கேதான் தெரியவந்தன.

ஒரு நாள் உமையாள் ஆச்சி கேட்டாராம்: "எல்லாம் கப்பல்ல வந்துச்சு, சரி. நம்ம முற்றத்துல வெளஞ்சது எது?"

எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆச்சி சிரிக்கவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்துச் சீசனுக்குப் போனவர், மலைத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு மிளகுக்கொடித் துண்டுகளை ஈர வாழைமட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். இரண்டாம் கட்டு முற்றத்தில், சமையல்கட்டுப் பக்கத்து மூலையில் இரண்டு தளக்கற்களைப் பெயர்த்துவிட்டு நட்டார். ஒரு துண்டு காய்ந்துபோயிற்று. மற்றது பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல் பக்கத்திலிருந்த கல்தூணைக் கட்டிப் பிடித்து ஏறத் தொடங்கியது. இலையைப் பார்த்தால் வெற்றிலை என்றுதான் சொல்வீர்கள். அதைவிடத் தடிப்பு, அதைவிடப் பளபளப்பு.

மூன்றாம் வருஷம் பூத்தது. மிளகின் பூவைப் பூ என்று சொல்ல மனசு வராது. இலைக்கு எதிரே விளக்குத்திரி மாதிரி ஒன்று தொங்கும், அவ்வளவுதான். பத்து நாளில் திரி எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்குப் போஸ்ட் கார்டு வந்தது: 'பூ நிற்கவில்லை. என்ன செய்யலாம்?'

என்னிடமா கேட்கிறார்? நேமத்தான்பட்டியில் மாமரத்தடியில் பிறந்து வளர்ந்தவன் நான். பூவைப் பற்றி எனக்குத் தெரியாததா? பேனாவை எடுத்தேன். இந்தப் பக்கத்தில் ஒரு பத்தி முழுக்க வெளுத்து வாங்கினேன். பூத்திருக்கிற நேரத்தில் மழை விழுந்தால் தொலைந்தது. மாம்பூவைக் கேளுங்கள், சொல்லும். பூவின் மேல் ஒரு சொட்டு நீர் படாமல் மேலே துணி கட்டுங்கள். தண்ணீரை வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்! எழுதி முடித்துவிட்டு நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

பன்னிரண்டு மாதம் ஓடியது. போன வருஷம் ஆனி மாதக் கடைசியில் இரண்டாவது போஸ்ட் கார்டு வந்தது. 'தாங்கள் எழுதியபடியே துணி கட்டியிருக்கிறேன். போன வருஷத்துக்கு அப்புறம் இப்போது மறுபடியும் பூத்து, முதல் திரிகள் உதிர்கின்றன. ஆவணி முடிவதற்குள் காய்க்காவிட்டால் கொடியை வெட்டுவதாக முடிவு. நேரில் வந்து பார்த்தால் உபகாரம்.'

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

"வாங்க வாத்தியாரையா! வெயில்லயா வந்தீக?" என்று மோர்ச் செம்பை நீட்டினார் உமையாள் ஆச்சி. மோரைக் குடித்து முடிப்பதற்குள் விசாலாட்சி ஆச்சியும் வந்துவிட்டார்.

"பத்திரிகையில எழுதுறவுக நீகதானா? நல்லாச் சொல்லிப்புட்டுப் போங்க. தையில எம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டுப் பொம்பளையாளுக பந்தியில ஒக்கார்றது இந்த முற்றத்துலதான். கொடியிலேருந்து ஒரு பூரான் இலையில விழுந்துச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஆவணி வரைக்கும் பாப்போம். ஒரு காயைக் காட்டச் சொல்லுங்க. இல்லேன்னா வெட்டிப்புட்டுத் தூணைத் தேச்சுக் கழுவணும்."

சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கோபமாகவும் சொல்லவில்லை. முற்றம் பொது, ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விசாலாட்சி ஆச்சி உள்ளே போன பிறகு உமையாள் ஆச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"வெட்டுனா வெட்டிட்டுப் போகட்டும் வாத்தியாரையா. நாலு வருசம் தண்ணி ஊத்துனேன், அதுவும் போகட்டும். 'இந்த மண்ணுல என்னத்தடி வெளையும்'னு ஒரு பேச்சு வருமுல்ல... அதைத்தான் என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

எனக்குச் சுருக்கென்றது. இந்த மண்ணைப் பற்றி யார் என்ன சொன்னாலும் எனக்கும் ஆகாது. ஏனென்றால் இது என் மண். நாலு தலைமுறையாக ஏர் பிடித்துச் சோறு தின்ற மண். அந்தப் பேச்சு வரவிடக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் பண்ணினேன்.

தூணைச் சுற்றி வந்தேன். மேலே ஒரு பழைய வேட்டி கட்டியிருந்தது. விரலால் சுண்டிப் பார்த்தேன்.

"இதுதான் கோளாறு!" என்றேன். "இது மெல்லிசுத் துணி ஆச்சி. சாரல் உள்ளே வந்துவிடும். தார்ப்பாய் கட்டுங்க. ஒரு சொட்டு இறங்கக் கூடாது!"

தோட்ட வேலை பார்க்கிற கருப்பையா ஏணி கொண்டுவந்தார். நான் கீழே நின்று, இந்தப் பக்கம் இழு, அந்தப் பக்கம் முடி என்று உத்தரவு போட்டேன். முற்றத்து வானம் அந்த மூலையில் மறைந்தேபோயிற்று. இரண்டு கந்தரப்பம், ஒரு டம்ளர் காபியோடு திருப்தியாக ஊர் திரும்பினேன்.

ஆவணி கடைசியில் மூன்றாவது போஸ்ட் கார்டு. 'காய் இருக்கிறது. ஆனாலும் நாளை வெட்ட நாள் குறித்திருக்கிறார்கள். வந்து சாட்சி சொல்லவும்.'

காய் இருக்கிறது! ஸ்கூலுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். தார்ப்பாய் யோசனை யாருடையது? பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடமே பாதி வழி வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டு போனேன்.

போய்ப் பார்த்தால் — தார்ப்பாயைக் காணோம். வேட்டியைக்கூடக் காணோம். தூண் வெட்டவெளியில் நின்றது. கொடியின் ஒரு பக்கம் முழுக்கப் பச்சைப் பச்சையாய்ச் சரம் தொங்கியது. ஒவ்வொரு சரத்திலும் நெருக்கி நெருக்கிக் கோத்தமாதிரி காய். மறுபக்கத்தில் புதுச் சரங்களில் இப்போதுதான் கடுகளவு பிடித்திருந்தது.

"பாய் எங்கே ஆச்சி?"

உமையாள் ஆச்சி சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"நீக கட்டிப்புட்டுப் போனீகளா... ஆடி பொறந்து நாலாம் நாளு காத்துல ஒரு பக்கத்துக் கயிறு அத்துப்போச்சு. அன்னைக்கின்னு பாத்து ஒரு மழை. அந்தப் பக்கம் பூராவும் நனஞ்சுபோச்சு. போச்சு, அந்தப் பக்கத்துப் பூவெல்லாம் போச்சுன்னு அழுதேன். மூணு வாரங் கழிச்சுப் பாத்தா, நனஞ்ச பக்கம் காய் புடிச்சிருக்கு. பாய்க்கு அடியில இருந்த பக்கம் அத்தனையும் உதுந்துகிடக்கு."

நான் தூணைச் சுற்றி வந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தேன்.

"வெகுநேரம் பாத்துக்கிட்டே நின்னேன். பெறகு கருப்பையாகிட்டப் பாயை அவுக்கச் சொன்னேன். 'வாத்தியாரையா வைவாகளே'ன்னான். வையட்டும், அவுருன்னேன். அதுக்கப்புறம் மழை எங்க வந்துச்சு? மேல்மாடியில நின்னுக்கிட்டுச் சாயங்காலம் சாயங்காலம் பூவாளியால நானே ஊத்துனேன். கை கடுத்துப்போச்சு. விசாலாட்சி ஆச்சி கீழ நின்னு, 'அடியே, ஒனக்குப் புத்தி பெரண்டுபோச்சா'ன்னாக."

பூவாளி மழை! நாங்கள் கும்பிட்டுக் கும்பிட்டு வரவழைக்கிற மழையை ஒரு மனுஷி மாடியிலிருந்து பெய்ய வைத்திருக்கிறார். எனக்கு அப்போது வெட்கமாகவும் இருந்தது, நெஞ்சு நிறையப் பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மனுஷன் எங்கே பார்ப்பான்? தரையைப் பார்த்தேன்.

கள்ளிக்கோட்டை நண்பரிடம் வியாழக்கிழமை இதைச் சொன்னபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிளகுப் பூவுக்கு மழைதான் தேனீயாம்! திரியின் மேலே விழுகிற நீர், மகரந்தத்தைக் கரைத்து அடிவரைக்கும் வழிந்துகொண்டு போகுமாம். நனையாவிட்டால் காய் பிடிப்பது அபூர்வமாம். மலையாளத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம். எங்களுக்கு எப்படித் தெரியும்? மழையைக் கண்டால் மாம்பூ போயிற்றே என்று அடித்துக்கொள்கிற ஊர்க்காரர்களுக்கு வேறு எந்த யோசனை தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

சரி, அன்றைய கதைக்கு வருகிறேன். கருப்பையா அரிவாளோடு தூணோரம் நின்றார். விசாலாட்சி ஆச்சி வந்தார். ஒரு சரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை கூத்து?"

உமையாள் ஆச்சி ஒரு காயைக் கிள்ளி நீட்டினார். விசாலாட்சி ஆச்சி வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுருங்கியது. கண்ணில் நீர் கட்டியது.

"மிளகுதான். காயைக் காட்டச் சொன்னதும் நாந்தான், இல்லேங்கலே. அதுக்காகக் கல்யாண வீட்டுத் தூணுல கொடியைப் படர விடுறதா? காய் முத்தறதுக்குத் தை ஆகும்ல?"

"ஆகும் ஆச்சி."

"பெறகென்ன? பூரான் வந்தா?"

ஆயிற்று, போயிற்று என்று நினைத்தேன். சாட்சி சொல்ல வந்தவன் தொண்டையைக் கனைத்ததோடு சரி. கருப்பையா அரிவாளைக் கை மாற்றிப் பிடித்தார்.

உமையாள் ஆச்சி நிதானமாகக் கேட்டார்: "ஆச்சி, கோட்டையூர்ல நம்ம சம்பந்தி வீட்டு முற்றத்துல எத்தனை தூணு?"

"ஏன், பதினாறு. நமக்குப் பன்னெண்டுதான்."

"அவுக வீட்டுக் கண்ணாடி?"

"நம்மளதைவிட ஒசரம். அதுக்கென்ன இப்ப?"

"பளிங்கு?"

விசாலாட்சி ஆச்சி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"மிளகுக்கொடி?"

விசாலாட்சி ஆச்சி தூணைக் கீழிருந்து மேல்வரைக்கும் பார்த்தார். மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தார். கோட்டையூர் இருக்கிற திசையைக்கூட ஒரு தடவை பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"கருப்பையா, அருவாளை உள்ள கொண்டுபோய் வையி" என்றார். "மத்தத் தூணையெல்லாம் தேச்சுக் கழுவுங்க. இந்தத் தூணுகிட்ட ஒருத்தனும் போகக் கூடாது. பூரான் வந்தா நான் பாத்துக்கிறேன்!"

எங்கள் பக்கத்துப் பெருமையே இப்படித்தான். வீட்டுக்குள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சம்பந்தி வாசல்படி ஏறுகிறார் என்றால் போதும், எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து முன்னால் வந்து நிற்கும். இதைக் கேலி பண்ணுகிறவர்கள் பண்ணட்டும். அந்தப் பெருமை இல்லையென்றால் இந்தப் பொட்டலில் இத்தனை பெரிய வீடுகளை யார் கட்டியிருப்பார்கள்? மிளகைத்தான் யார் காய்க்க வைத்திருப்பார்கள்?

தை பிறந்ததும் சரத்துக்கு ஒன்றிரண்டு காய் சிவந்தது. அறுவடை செய்தார்கள். பாயில் பரப்பி வெயிலில் காயப்போட்டார்கள். பச்சைக் காய் பழுப்பாகி, பழுப்பு கறுப்பாகி, தோல் சுருங்கி அசல் மிளகு ஆயிற்று. மைனா கொத்தாமல் காவல் இருந்தது யார் தெரியுமா? காலையில் உமையாள் ஆச்சி, மதியத்துக்கு மேல் விசாலாட்சி ஆச்சி! இரண்டு உலைக்கும் பொதுவாக அந்த முற்றத்தில் காய்ந்த முதல் பண்டம் அதுதான் என்று கருப்பையா என்னிடம் சொன்னார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். செட்டிநாட்டுக் கல்யாணம் பார்த்தவர்களுக்கு அது தெரியும். குடம், அண்டா, அடுக்கு, தட்டு... வெள்ளியும் பித்தளையும் கண்ணைப் பறித்தன. நடுநாயகமாக ஒரு வெள்ளிக் கிண்ணம். அதில் உழக்கு மிளகு.

சம்பந்தி வீட்டு ஆச்சி ஒருவர் குனிந்து பார்த்தார். "என்ன இது, மிளகைப் போய் வெள்ளிக் கிண்ணத்துல வச்சிருக்கீக?"

விசாலாட்சி ஆச்சி இதற்குத்தான் காத்திருந்தார். "கடையில வாங்குனதுன்னா பானையில போட்டு வச்சிருப்போம். இது எங்க முற்றத்துல வெளஞ்சதுல்ல!"

நம்புவார்களா? அத்தனை பேரையும் இரண்டாம் கட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். "இதுதான் எங்க கொடி" என்றார். எங்க! உமையாள் ஆச்சி சற்றுத் தள்ளி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... பன்னிரண்டு தூணும் அவரே செதுக்கி நிறுத்திய மாதிரி ஒரு களை. சொல்ல என்ன வெட்கம்? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"மலையில வெளையிறது ஆச்சே! இந்தக் காஞ்ச ஊர்ல எப்புடிக் காய்க்க வச்சீக? யாரு யோசனை சொன்னா?" என்று கேட்டார் சம்பந்தி வீட்டு ஆச்சி.

உமையாள் ஆச்சி என் பக்கம் திரும்பினார்.

"இந்தா, இவுகதான். பத்திரிகையில எழுதுறவுக. காரைக்குடியிலேருந்து ரெண்டு தடவை நேர்லயே வந்தாக."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டேன். ஆச்சி பெருந்தன்மைக்காரர், மேற்கொண்டு ஒன்றும் சொல்ல மாட்டார் என்று நம்பினேன்.

"அப்புடி என்ன சொன்னாக?"

"என்னென்னமோ சொன்னாக" என்றார் உமையாள் ஆச்சி. "எல்லாத்தையும் நேர்மாறாச் செஞ்சோம். காய்ச்சிருச்சு!"

முற்றம் அதிர்ந்தது. பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

ஆகவே, அன்பு வாசகர்களே... உங்கள் வீட்டில் எந்தச் செடி காய்க்காவிட்டாலும் தயங்காமல் எனக்கு ஒரு போஸ்ட் கார்டு போடுங்கள் — என்ன செய்யக் கூடாது என்று தெளிவாக எழுதி அனுப்புகிறேன்!